உண்மையான இந்தியன் யார்? – திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

சாத்தூர் பக்கம் ஒரு கிளை நூலகத்தின் மாடியில், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் குடிமையியல் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டு வருஷமாகிறது. பாடம் எதுவாக இருந்தாலும் கடைசியில் பேச்சு ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறது: உண்மையான இந்தியன் யார், அதை யார் முடிவு செய்வது? பிள்ளைகள் மட்டுமல்ல, ரயிலில் எதிர் சீட்டுக்காரர், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா எல்லோரும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வருவது முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

"சார், இந்தியன்னா யாரு? ஒரே வரியில சொல்லுங்க, நோட்ல எழுதிக்கிறேன்."

ஒரு வரியில் எழுதிக்கொள்ள முடிவது 'இந்தியக் குடிமகன்' யார் என்பதை மட்டும்தான். அரசமைப்புச் சட்டத்தின் 5 முதல் 11 வரையுள்ள பிரிவுகளும் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதைச் சொல்கின்றன. எங்கே பிறந்தாய், எப்போது பிறந்தாய், அப்பா அம்மா யார், எவ்வளவு காலம் இங்கே குடியிருந்தாய் என்பதுதான் அங்கே கணக்கு. எந்த மொழி பேசுகிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. யாரைக் கும்பிடுகிறாய் என்ற கேள்வியும் முதலில் இல்லை, அது பிற்பாடு நுழைந்த கதையைப் பத்தாவது கேள்வியில் சொல்கிறேன்.

'உண்மையான இந்தியன்' யார் என்பதற்குச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அரசமைப்புச் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து கொடி, மொழி, நாட்டின் பெயர் என்று ஒவ்வொன்றாக மல்லுக்கட்டியது. அதே சபையில் ஆதிவாசிகளின் பிரதிநிதியாக ஜெய்பால் சிங் 1946 டிசம்பரில் எழுந்து, ஆதிவாசிகளுக்கு நீங்கள் ஜனநாயகம் சொல்லித்தர முடியாது, நீங்கள்தான் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைவராக இருந்த அதே ஜெய்பால் சிங்தான். இப்படிப்பட்ட ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்த அறையில் ஒரே அச்சில் ஒரு இந்தியனை வார்த்தெடுக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அரசமைப்புச் சட்டத்தின் முகவுரையை "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்கினார்கள், அந்த 'நாம்' யார் யார் என்று பட்டியல் போடவில்லை.

"இந்திதான நம்ம தேசிய மொழி? அத ஏத்துக்கிட்டா என்ன கொறஞ்சு போச்சு?"

ரயிலில் அதிகம் கேட்ட கேள்வி இது. இந்தியாவுக்குத் தேசிய மொழி என்று ஒன்று கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் 343-ஆம் பிரிவு, தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் இந்தி ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்று சொல்கிறது. ஆட்சிமொழி என்றால் ஒன்றிய அரசு கோப்பு எழுதுகிற மொழி. ஆங்கிலமும் 1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின்படி அதோடு தொடர்கிறது. அரசமைப்புச் சட்டம் மொழிகளைப் பட்டியல் போடுகிற எட்டாவது அட்டவணையில் தொடக்கத்தில் 14 மொழிகள் இருந்தன, இப்போது 22. இந்தி அதில் ஒன்று. 2010-இல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொருள்களின் உறையில் இந்தியிலும் விவரம் அச்சிட வேண்டும் என்று ஒருவர் வழக்குப் போட்டபோது, இந்தியைத் தேசிய மொழி என்று அறிவித்த ஆணை எதுவும் இல்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது தமிழ்நாட்டு நீதிமன்றம் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

வகுப்பில் நான் இதற்கு நூறு ரூபாய் நோட்டைத்தான் எடுக்கச் சொல்வேன். நீங்களும் எடுங்கள். முன்பக்கம் இந்தியும் ஆங்கிலமும் இருக்கும். திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் ஓரமாக ஒரு சின்னக் கட்டம், அதில் பொடி எழுத்தில் 15 மொழிகள். அசாமியில் தொடங்கி உருதில் முடியும், ஆங்கில அகர வரிசை. கீழிருந்து மூன்றாவதாக "நூறு ரூபாய்" என்று நம் எழுத்து. ஒரு தடவை ஒரு மாணவி அந்தக் கட்டத்தை விரலால் தடவிக்கொண்டே, "சார், இதுல மணிப்புரி இல்லையே, சந்தாலி இல்லையே" என்றாள். எட்டாவது அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். போடோ, டோக்ரி, மைதிலி, சிந்தியும் இல்லை. ஆக, பலரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று போட்ட கட்டத்திலும் ஆறு பேர் வெளியே நிற்கிறார்கள். அவள் கேட்டது எனக்கு இன்றுவரை மனதில் இருக்கிறது.

"பெரும்பான்மை என்ன பேசுதோ அதுதான அடையாளம்? பாதிப்பேர் இந்திக்காரங்கதான?"

2011 கணக்கெடுப்பில் இந்தி என்ற தலைப்பின் கீழ் வந்தவர்கள் 43.6 சதவீதம். பாதி இல்லை. அந்தத் தலைப்பைத் திறந்து பார்த்தால் போஜ்புரி என்று சொன்னவர்கள் 5 கோடிக்கு மேல், ராஜஸ்தானி, சத்தீஸ்கரி, மகஹி என்று சொன்னவர்கள் தனித்தனியாகக் கோடிக்கணக்கில். எல்லோரையும் இந்தியில் கூட்டியிருக்கிறார்கள். தன் தாய்மொழி 'இந்தி' என்றே சொன்னவர்கள் ஏறத்தாழ 32 கோடி.

மைதிலி இதற்கு நல்ல உதாரணம். 1991 கணக்கெடுப்பு வரை மைதிலிக்காரர்கள் இந்திக் கணக்கில் இருந்தார்கள். 2003-இல் எட்டாவது அட்டவணையில் சேர்த்ததும் தனிமொழி ஆனது, ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் இந்திக் கணக்கிலிருந்து வெளியே வந்தார்கள். வீட்டில் அவர்கள் பேசியது மாறவில்லை, எண்ணுகிற தாள் மாறியது. பெரும்பான்மை என்பதே எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது என்றால், அதை வைத்து ஒரு நாட்டின் அடையாளத்தை முடிவு செய்வது எவ்வளவு ஆட்டம் காணும் அஸ்திவாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

"அரசமைப்புச் சட்டம் 1950ல வந்தது. அதுக்கு முன்னாடியே ஆயிரம் ஆயிரம் வருஷமா இருக்கிற பண்பாடுதான உண்மையான இந்தியா?"

இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். எங்கள் அவ்வா, அதாவது பாட்டி, சாமி அலமாரியில் ஒரு காசிச் செம்பு வைத்திருந்தார், அடைத்து ஈயம் பூசிய சின்னச் செம்பு, உள்ளே கங்கைத் தண்ணீர். அவருடைய அப்பா ராமேசுவரத்து மணலை எடுத்துக்கொண்டு போய்க் கங்கையில் கரைத்துவிட்டு, அங்கிருந்து கொண்டு வந்தது. முகவுரை என்று ஒன்று இருப்பது அவ்வாவுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் இந்த மண்ணின் தெற்கு முனையும் வடக்குக் கரையும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று அவருக்குத் தெரியும், அதற்கு அந்தச் செம்பே சாட்சி. அது பொய்யான இந்தியா என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் கோஹிமாவில் இருக்கிற ஒரு நாகா பாட்டிக்கு அந்தச் செம்பு ஒன்றும் சொல்லாது. கோவாவில் 1961 டிசம்பர் வரை போர்த்துக்கீசிய ஆட்சியில் இருந்த ஒரு குடும்பத்துக்கும், 1975-இல்தான் இந்தியாவோடு சேர்ந்த சிக்கிமில் ஒரு பௌத்தக் குடும்பத்துக்கும், பக்கத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியில் பிறந்து 1954-க்குப் பிறகு இந்திய ஆட்சிக்குள் வந்த ஒரு கிழவருக்கும் இந்தியாவுக்குள் வந்த வழி வேறு வேறு. பழைய பண்பாடு ஒன்று இல்லை என்று நான் சொல்லவில்லை. பல இருக்கின்றன என்கிறேன். அதில் ஒன்றை மட்டும் எடுத்து இதுதான் அசல், மற்றதெல்லாம் ஒட்டுச்செடி என்றால் அங்கேதான் தகராறு.

சுதந்திரத்துக்கு முன்பே இதில் ஒத்த கருத்து கிடையாது. 1923-இல் சாவர்க்கர், இந்த மண்ணைப் பிதுர்பூமியாகவும் (முன்னோர் மண்) புண்ணிய பூமியாகவும் கொண்டவர்களே இந்து என்று ஒரு வரையறை எழுதினார். புண்ணிய பூமி என்றவுடனே முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வெளியே போய்விடுகிறார்கள். காந்தி அதை ஏற்கவில்லை. தாகூர் இன்னும் ஒரு படி மேலே போய், 1916-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பேசியபோது தேசியவாதம் என்கிற எண்ணத்தையே கண்டித்தார். நேரு பல அடுக்காக எழுதிய பழைய ஓலை மாதிரி இந்தியாவைப் பார்த்தார். எல்லோரும் இந்த நாட்டை நேசித்தவர்கள்தான், ஆனாலும் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் பொருந்தவில்லை.

"இந்தியாவா பாரதமா? ஒரு பேரக்கூட முடிவு பண்ணலையே?"

முடிவு பண்ணினார்கள். "இந்தியா, அதாவது பாரதம், மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும்" என்பது முதல் பிரிவு. 1949 செப்டம்பரில் காரசாரமாக வாதாடி இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். இரண்டு பெயர் உள்ள பிள்ளை நம் ஊரில் எத்தனை வீட்டில் இல்லை? பள்ளிக்கூடத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. இதற்கு மேல் பதில் தேவையில்லை.

"தேசிய கீதம் பாடமாட்டேன்றவன் எப்படி சார் இந்தியன் ஆவான்?"

1985-இல் கேரளத்தில் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். தேசிய கீதம் பாடும்போது அவர்கள் தினமும் எழுந்து மரியாதையாக நின்றார்கள், ஆனால் பாடவில்லை, தங்கள் நம்பிக்கை அதற்கு இடம் தரவில்லை என்றார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அது: பாடித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து நின்றதே மரியாதை, சகிப்புத்தன்மைதான் நம் மரபு, அதை நீர்த்துப்போக விடாதீர்கள் என்றார். 2016 நவம்பரில் தியேட்டர்களில் கீதம் கட்டாயம் என்று அதே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது, 2018 ஜனவரியில் கட்டாயமில்லை என்று தானே மாற்றிக்கொண்டது.

கீதத்தின் வரிகளையே கொஞ்சம் நின்று பாருங்கள். பஞ்சாப, சிந்து, குஜராத்த, மராட்டா, திராவிட, உத்கல, பங்கா. 1911-இல் பாடப்பட்ட பாட்டு, 1950 ஜனவரி 24-இல் தேசிய கீதம் ஆனது. அதற்குள் சிந்து மாகாணம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று 2005-இல் ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார், நீதிமன்றம் மறுத்தது. எனக்கு அந்த மறுப்பு பிடிக்கும். எல்லையைத் தாண்டி வந்து மும்பையிலும் அகமதாபாத்திலும் குடியேறிய சிந்திக்காரர்களுக்கு இன்று இங்கே மாநிலம் கிடையாது, ஆனால் பாட்டில் இடம் இருக்கிறது. மிசோ, நாகா பெயர்கள் பாட்டில் இல்லை, அவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். எழுதியவரோ, நாலாவது கேள்வியில் சொன்ன தாகூர்.

"ஆளாளுக்கு ஒரு விளக்கம்னு விட்டா நாடு ஒடஞ்சு போயிராதா?"

இந்தப் பயம் நேருவுக்கும் படேலுக்கும்கூட இருந்தது. மதத்தின் பேரால் பிரிந்த ரத்தம் காயாத நேரம், மொழிவாரியாக மாநிலம் பிரித்தால் இன்னும் துண்டு துண்டாகிவிடும் என்று தள்ளிப்போட்டார்கள். தனி ஆந்திரம் கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் இறந்தார், அடுத்த ஆண்டு ஆந்திரம் பிறந்தது, 1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலங்கள் வந்தன. என்ன ஆனது? நாடு உடையவில்லை. தன் மொழியில் சட்டசபை நடக்கிறது, தன் மொழியில் பத்திரப்பதிவு நடக்கிறது என்றதும் ஜனங்களுக்கு நாட்டின் மேல் ஒட்டுதல் கூடியது.

ஒரே விளக்கம் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் கதையையும் பார்க்க வேண்டும். 1948 மார்ச்சில் டாக்காவுக்குப் போன ஜின்னா, பாகிஸ்தானின் அரசமொழி உருது மட்டும்தான் என்றார். அந்த நாட்டில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பேசியது வங்காளி. 1952 பிப்ரவரி 21-இல் டாக்காவில் மொழிக்காகப் போராடிய மாணவர்கள் சுடப்பட்டார்கள், 1971-இல் வங்கதேசம் தனி நாடானது. இலங்கையில் 1956-இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்டார்கள், அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று தமிழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் நாட்டில் நாகாலாந்துக்கு 371-அ என்று ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. நாகா மக்களின் மத, சமூக வழக்கத்திலும் நிலத்திலும் நாடாளுமன்றச் சட்டம் அவர்கள் சட்டசபை ஒத்துக்கொண்டால்தான் செல்லும். அங்கே துப்பாக்கிச் சத்தம் பல காலம் ஓயவில்லை, இப்போதும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேச வழி வைத்தது அந்தப் பிரிவுதான்.

"நம்ம ஊர்க்காரங்களே ஒரு காலத்துல தனி நாடு கேட்டவங்கதான? அப்புறம் நம்ம எப்படி பேசலாம்?"

கேட்டார்கள், மறைக்க ஒன்றுமில்லை. 1947 ஆகஸ்ட் 15 துக்க நாள் என்றார் பெரியார், அது மகிழ்ச்சிக்குரிய நாள் என்று அண்ணா வெளிப்படையாக மாறுபட்டார். அந்த அண்ணாவே 1962-இல் மாநிலங்களவையில் திராவிட நாடு கேட்டுப் பேசினார். அதே ஆண்டு அக்டோபரில் சீனப் போர் வந்ததும் கோரிக்கையை ஒத்திவைத்துப் போருக்கு ஆதரவு திரட்டினார். பிரிவினை கேட்பவர்கள் தேர்தலில் நிற்க முடியாதபடி 1963-இல் 16-ஆவது திருத்தம் வந்தது, கோரிக்கை கைவிடப்பட்டது.

இதில் நான் பார்ப்பது இன்னொன்று. 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், உயிர்கள் போயின. ஆனால் அவர்கள் கேட்டது நாட்டை விட்டுப் போக அல்ல, நாட்டுக்குள் சமமாக இருக்க. 1967-இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கொடுத்தார்கள். அதே ஆண்டு பிரிவினை கேட்ட கட்சி தேர்தலில் ஜெயித்து, இந்திய அரசமைப்புச் சட்டத்தின் பேரில் உறுதிமொழி எடுத்து ஆட்சியில் உட்கார்ந்தது. நாட்டோடு சண்டை போட்டவன் நாட்டுக்காரன் இல்லை என்று அன்றைக்கு யாராவது கதவைச் சாத்தியிருந்தால் இது நடந்திருக்குமா?

"பன்மை பன்மைனு பேசுறீங்க. எங்க ஊர்ல எங்க ஆளு தலைவரா நிக்கவே முடியல. எங்களுக்கு இந்தியன்ற அடையாளம் என்னத்த தந்துச்சு?"

இதைக் கேட்ட பையன் கடைசி பெஞ்சிலிருந்து கேட்டான், குரலை உயர்த்தாமல். அன்றைக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை, இப்போதும் முழுப் பதில் என்னிடம் இல்லை. எங்கள் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல், மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்று நான்கு ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதும், 1996-இலிருந்து பத்து வருஷம் ஆதிக்கச் சாதியினர் ஒழுங்காகத் தேர்தல் நடத்த விடவில்லை. யாரும் மனுப்போடக் கூடாது, போட்டாலும் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்ய வேண்டும். 2006-இல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. அதன் பிறகும் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது.

இதை முன்கூட்டியே பார்த்தவர் அம்பேத்கர். 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் கடைசியாகப் பேசும்போது, நாம் ஒரு தேசம் என்று நம்புவது பெரிய மயக்கம், பல்லாயிரம் சாதிகளாகப் பிரிந்து கிடக்கும் மக்கள் எப்படி ஒரு தேசம் ஆவார்கள் என்று கேட்டார். தேசம் என்பது முடிந்துபோன பொருள் அல்ல, இனிமேல் ஆக வேண்டியது என்பதுதான் அவர் கருத்து. அசல் அடையாளம் ஏற்கெனவே இருந்தது, அதைக் காப்பாற்றினால் போதும் என்று யாராவது பேசினால் இந்தப் பையனின் கேள்வியை வைத்துத்தான் அதை எடைபோடுவேன். அந்தப் பழைய அடையாளத்தில் அவன் தாத்தா எங்கே நின்றார்? தேர்தலில் நிற்கும் உரிமையை அவனுக்குக் கொடுத்தது பழம்பெருமை அல்ல, 1950-இல் நடைமுறைக்கு வந்த தாள். அது ஊருக்குள் வந்து சேரவே ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

"பேப்பர் இருந்தா இந்தியன், இல்லாட்டி இல்ல. அவ்வளவுதான சார்?"

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிற அசாம் பையன் ஒருவனைத் தெரியும். அவன் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் நாலாக மடித்து, மடிப்பு கிழியாமல் இருக்கப் பின்னால் டேப் ஒட்டிய ஒரு நகல். 1966 வாக்காளர் பட்டியலில் அவன் தாத்தாவின் பெயர் உள்ள பக்கம். அசாமில் குடிமக்கள் பதிவேட்டில் பேர் வர 1971 மார்ச் 24-க்கு முன்னால் முன்னோர் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. 2019 ஆகஸ்ட் 31-இல் கடைசிப் பட்டியல் வந்தபோது 19 லட்சம் பேர் வெளியே விடப்பட்டார்கள். இவன் பேர் உள்ளே, இவன் அத்தை பேர் வெளியே. ஒரே தாத்தா.

முதல் பதிலில் சொன்ன குடியுரிமைச் சட்டமும் காலத்துக்குக் காலம் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தாலே போதும். அதற்குப் பிறகு பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கவும் கூடாது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்கு வழி திறந்தது. முஸ்லிம்கள் அதில் இல்லை, இலங்கையிலிருந்து வந்து முகாம்களில் இருக்கும் நம் தமிழர்களும் இல்லை. மதத்தைக் குடியுரிமைக்கு அளவுகோலாக்கியது தவறு என்பது என் கருத்து.

பேப்பர் ஒருவரை என்ன பாடுபடுத்தும் என்பதற்கு மலையகத் தமிழரைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். இலங்கையில் தேயிலைத் தோட்டம் உண்டாக்கியவர்களை 1948 சட்டம் நாடற்றவர் ஆக்கியது, நீங்கள் இந்தியர்கள் என்றது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து 9.75 லட்சம் பேரைப் பங்கு போட்டார்கள்: 5.25 லட்சம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மிச்சம் 1.5 லட்சம் பிறகு பேசிக்கொள்ளலாம். அங்கே 'இந்தியாக்காரன்' என்று அனுப்பப்பட்டு இங்கே நீலகிரியில் வந்து இறங்கியவர்களை நம் ஜனங்கள் 'சிலோன்காரன்' என்று கூப்பிட்டார்கள். கூடலூர், கோத்தகிரி பக்கம் போனால் இப்போதும் அந்தப் பேர் காதில் விழும். கையில் கடவுச்சீட்டு இருந்தது, பேப்பர் சரியாகத்தான் இருந்தது. ஆகவே பேப்பர் தேவை, ஆனால் 'அவ்வளவுதான்' இல்லை.

"சரி சார், இந்தியனுக்கு இவ்வளவு பேசுறீங்களே, தமிழன் யாருன்னு கேட்டா மட்டும் ஒரே பதில்தான?"

இல்லை, அங்கேயும் இதே நியாயம்தான். இதில் எனக்குச் சொந்த வலி உண்டு. அவ்வா என்று மேலே எழுதியதிலேயே சிலர் கண்டுபிடித்திருப்பீர்கள், எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். கரிசல் காட்டில் இப்படி எத்தனையோ ஊர். எனக்குத் தெலுங்கு எழுத்து ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. கனவு காண்பது, கணக்குப் போடுவது, கோபம் வந்தால் திட்டுவது எல்லாம் தமிழில். ஒரு கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, "நீங்க வீட்டுல பேசுறது என்ன பாஷை?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மதுரையில் சௌராஷ்டிரர்கள் நாயக்கர் காலத்திலிருந்து தறி போடுகிறார்கள், வீட்டுக்குள் அவர்கள் பேச்சு வேறு. டி. எம். சௌந்தரராஜன் அந்தச் சமூகத்தில் பிறந்தவர். அவர் குரலைக் கழித்துவிட்டு ஒரு தமிழன் தன் சின்ன வயசை நினைத்துப் பார்க்க முடியுமா? வாணியம்பாடியில், ஆம்பூரில் உருது பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. டில்லி நம்மிடம் ஒரே அச்சை நீட்டினால் கோபப்படுகிற நாம், நம் ஊருக்குள் அதே அச்சை இன்னொருவர் முன் நீட்டக் கூடாது.

"அப்போ யாரு என்ன சொன்னாலும் சரியா? எல்லா விளக்கமும் ஒண்ணுதானா?"

ஒன்றில்லை. நன்றாக யோசிக்கிற பிள்ளைகள் இந்த இடத்தில்தான் என்னை மடக்குவார்கள். ஒருவர் தன் இந்தியத் தன்மையைக் காசியில் காணலாம், இன்னொருவர் கிரிக்கெட்டில், இன்னொருவர் அம்பேத்கரில், இன்னொருவர் எல்லையில் நிற்கிற தன் பிள்ளையில். இதில் எதையும் நான் தள்ளமாட்டேன். தன்னைப் பற்றிச் சொல்லும்வரை அது அவரவர் உரிமை. அதையே கோலாக எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரனை அளந்து, நீ முக்கால் இந்தியன், நீ அரை இந்தியன், உனக்கு வீடு வாடகைக்குத் தரமாட்டேன், உன்னைப் பார்த்தால் சீனாக்காரன் மாதிரி இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினால் அந்த விளக்கம் தவறு. வடகிழக்கிலிருந்து டில்லிக்கும் பெங்களூருக்கும் படிக்க வந்த பிள்ளைகள் தினமும் கேட்கிற வசை அது.

அரசமைப்புச் சட்டத்தை மனப்பாடம் செய்தவன்தான் அசல் இந்தியன் என்று சொன்னாலும் இதே தப்புதான், அப்புறம் எங்கள் அவ்வா வெளியே போய்விடுவார். சட்டத்தின் வேலை எல்லோர் மனதிலும் உட்காருவது அல்ல. ஒருவர் மனதில் இருப்பது இன்னொருவர் கழுத்தை நெரிக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

"எங்க தம்பி கனடாவுல குடியுரிமை வாங்கிட்டான். அவன் இனிமே இந்தியன் இல்லையா?"

சட்டப்படி இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும், பழைய கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் என்று ஒரு அட்டை வாங்கிக்கொள்ளலாம், அதில் குடிமகன் என்ற சொல் இருந்தாலும் ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஆயுள் முழுக்க விசா இல்லாமல் வந்து போகலாம்.

இதைக் கேட்ட அக்காவிடம் இவ்வளவும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் நேத்து ராத்திரி போன் போட்டு, கண்மாய்ல தண்ணி வந்துருச்சான்னுதான் மொதல்ல கேட்டான்" என்றார்.